கன்று கொடுத்தல்

சென்ற மாதம் ஒரு சிறு கூட்டத்தில் (பதினோரு பேர், அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்) நண்பர் ஒருவர் என்னை அறிமுகப்படுத்துகையில், வாழையடி வாழையாக வருகிற சிறுபத்திரிகை மரபில் நானும் ஒருவன் என்று சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். நான் எழுந்து ஏதோ பேசிவிட்டு உட்கார்ந்தேன். ஆனால் அந்தத் தொடர் அன்று ராத்திரி முழுவதும் என்னை விடவில்லை. கல்யாணப் பத்திரிகைகளில் அது வருகிறபோது நான் பொருட்படுத்துவதில்லை; சொல்கிறவர்கள் வாழையைப் பார்த்துச் சொல்வதில்லை என்று தெரியும். எழுதுகிறவர்கள் சொல்லும்போது, சொல்லுக்குப் பின்னால் இருக்கிற பொருளை ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டாமா என்று தோன்றுகிறது. எனக்கு அந்தப் பொருள் தெரியும். நட்டிருக்கிறேன், அறுத்திருக்கிறேன், ஒரு தடவை அதைக் கையால் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு மனிதருக்குக் கெடுதல் செய்திருக்கிறேன். கடைசி விஷயத்தை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

குளித்தலைக்குக் கிழக்கே, காவிரியின் தென்கரையில் எங்கள் ஊர். தென்கரை வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நெல், வாழை, வெற்றிலைக் கொடிக்கால். வராவிட்டால் வெறும் பேச்சு. தாத்தா காலத்து மூன்று ஏக்கர் பங்காளிகளுக்குள் பிரிந்து பிரிந்து அப்பாவிடம் வந்து சேர்ந்தது 40 சென்ட். ஏழடிக்கு ஏழடி விட்டு நட்டால் அதில் 350 வாழை நிற்கும். ஊரில் பெரும்பாலோர் பூவன் போட்டார்கள். பூவன் ஏமாற்றாது. அப்பா ரஸ்தாளி போட்டார். ரஸ்தாளிக்குத் தோல் மெல்லிசு. பழுத்தால் சீப்பிலிருந்து உதிரும். சில தாரில் பழத்துக்குள் கல் மாதிரிக் கட்டி விழுந்திருக்கும். சந்தையில் விலை கூடத்தான், ஆனால் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். ஏன் இதையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்டால் ருசி என்பார் அப்பா. உண்மையான காரணம் வேறு. அந்தக் கன்றுகள் என் பாட்டி கல்யாணமாகி வந்தபோது அவள் பிறந்த வீட்டிலிருந்து வண்டியில் வந்தவை. பாட்டியின் முகம் எனக்கு ஞாபகமில்லை. அவள் வாழையின் கீழேதான் நான் வளர்ந்தேன்.

நான் திருச்சியில் ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். வாழையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்துகொண்டது. அது மரமில்லை என்பது முதல் பாடம். மரம் என்று நாம் பார்ப்பது ஒன்றை ஒன்று இறுக்கிச் சுற்றிய இலைமடல்கள். பொரியலுக்கு அரிகிற தண்டு, பூவைத் தூக்கிக்கொண்டு கடைசியில் நடுவே ஏறி வருகிற காம்பு. வாழையின் உயிர் இருப்பது மண்ணுக்குள், கட்டையில். அது ஒரு தடவைதான் பூக்கும். தார் வெட்டினால் அந்த உடம்பின் வேலை முடிந்தது. பக்கத்தில் கன்று நிற்கும். அதற்கும் இதே கதை.

கன்றில் இரண்டு தினுசு. கட்டையின் ஆழத்திலிருந்து கிளம்புவது, ஈட்டி மாதிரிக் குறுகிய இலையோடு, அடி பருத்து நிற்கும். மேலாக முளைப்பதற்கு இலை அகன்று, பார்க்க அழகாக, செழிப்பாக இருக்கும். கட்டையில் சரியான பிடிப்பு இருக்காது, நட்டால் உருப்படாது. புதிதாக வருகிறவன் எப்போதும் அகன்ற இலையைத்தான் தேர்ந்தெடுப்பான். நானும் தேர்ந்தெடுத்தேன். அப்பா சிரித்துவிட்டுக் கடப்பாரையை வாங்கிக்கொண்டார். (இதை நம் கவிஞர்கள் சிலருக்குப் பொருத்திக் காட்ட எனக்கு ஆசைதான். அடக்கிக்கொள்கிறேன்.) மாசி, பங்குனியில் நடவு. ஒன்றரை கிலோ, இரண்டு கிலோ தேறுகிற கட்டையாகப் பார்த்து, வேரையும் அழுகலையும் சீவித் தள்ளி, களிமண் குழம்பில் முக்கி, குருணை மருந்தைத் தூவிக் குழியில் வைப்பது. பிறகு மண் அணைப்பது, பள்ளம் எடுப்பது, காற்றடிக் காலத்துக்கு முன் முட்டுக்கொடுப்பது. இதிலெல்லாம் எனக்குத் தடையில்லை. தடை பக்கக் கன்று கழிப்பதில்தான். பூ வெளியே வருகிறவரை கிளம்புகிற கன்றையெல்லாம் மாசாமாசம் அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பூ தள்ளியபிறகு ஒன்றே ஒன்றை விடவேண்டும். இல்லாவிட்டால் தாய் இளைத்து, தார் சிறுத்து, புதரில்தான் முடியும். வாழையடி வாழை என்பது தானாக நடப்பதல்ல. அரிவாளோடு ஒருவன் குனிந்து நின்று, எது இருக்கலாம், எது கூடாது என்று தீர்மானித்ததன் மிச்சம் அது. அப்படியே விட்டாலும் வருஷத்துக்கு வருஷம் கட்டை மண்ணுக்கு மேலே எழும்பிவரும். பிடிப்பு குறைந்து காற்றுக்குச் சாயும். மூன்றாம் வருஷம் எல்லாவற்றையும் தோண்டிப் போட்டுவிட்டு நெல் நடுவார்கள். தண்ணீர் ஒழுங்காக வந்த காலத்தில் நாங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். வராமல் போன வருஷங்களில் நெல்லை விட்டோம். கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கி வாழைமேல் வாழை போட்டோம். இது பின்னால் முக்கியமாகிறது.

ரஸ்தாளியைக் குறுக்கே அறுத்தால் நடுவில் மூன்று வரிசையாகச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். விதையாக வேண்டியவை, ஆகாமல் நின்றுபோனவை. காட்டுவாழைப் பழத்தில் இந்த இடத்தில் பல்லை உடைக்கிற கறுப்பு விதைகள் நெருங்கிக் கிடக்கும். மனிதன் எப்போதோ விதையில்லாத ஒன்றைக் கண்டு, தின்று, கன்றைப் பிடுங்கிப் பக்கத்தில் நட்டான். அதிலிருந்து இன்றுவரை பிடுங்கி நட்டுக்கொண்டே இருக்கிறான். ஆகவே ரஸ்தாளிக்குப் பேரன், பேத்தி கிடையாது. பாட்டி கொண்டுவந்த வாழையின் வம்சம் எங்கள் வயலில் இருந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. பாட்டி கொண்டுவந்த அந்த வாழையேதான் இருந்தது. அவள் பிறந்த வீட்டில் இருந்ததும் அதுவேதான். விதையிலிருந்து வருகிற உயிர் ஒவ்வொரு தடவையும் சீட்டுக் கலைத்துப் போடுகிறது. அதில் ஏதோ ஒன்று நோய்க்குத் தப்பும். இங்கே கலைப்பதற்கே வழியில்லை. ஒன்றைக் கொல்லத் தெரிந்தது எல்லாவற்றையும் கொல்லும். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறிக்கொண்டிருந்த க்ரோ மிஷேல் என்ற வாழையை மத்திய அமெரிக்கத் தோட்டங்களில் வாடல் நோய் தின்று தீர்த்தது. 1960 வாக்கில் வியாபாரிகள் அதைக் கைவிட்டு, கேவண்டிஷ் வகைக்கு மாறினார்கள். இப்போது கேவண்டிஷையும் கொல்கிற வேறொரு இனம் வந்திருக்கிறது. 2019இல் கொலம்பியாவையும் எட்டிவிட்டது. க்ரோ மிஷேலைக் கொன்ற அதே பூசணத்துக்கு ரஸ்தாளியும் பிடித்தமானது. பூவனை அது தொடுவதில்லை.

எங்கள் வயலில் 1994இல் வந்தது. அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்தன. பிறகு காம்பு ஒடிந்து, காய்ந்த இலைகள் பாவாடை மாதிரித் தண்டைச் சுற்றித் தொங்கின. நடுக்குருத்து மட்டும் கொஞ்ச நாள் ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்து நிற்கும். தண்டு அடியில் நெடுக்காக வெடிக்கும். அந்த வருஷம் பத்துப் பன்னிரண்டு. அடுத்த வருஷம் ஐம்பதுக்கு மேல். அப்பா தண்ணீர்க் குறை என்றார், உரக்குறை என்றார், ஒரு தடவை கண்ணேறு என்றார். செத்த இடத்திலேயே நல்லதாக நிற்கிற பக்கத்துக் குத்திலிருந்து கன்று எடுத்து மறுபடி நட்டார்.

வாழைக்கென்றே 1993இல் திருச்சியில் மத்திய அரசு ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கியிருந்தது. 1996இல் ஒரு கட்டையைச் சாக்கில் கட்டி நான் அங்கே எடுத்துப் போனேன். அதைப் பார்த்தவர் அதிகம் பேசாதவர். கட்டையைக் குறுக்காக வெட்டி என் பக்கம் திருப்பினார். வெள்ளையாக இருக்க வேண்டிய சதையில் செம்பழுப்புப் புள்ளிகள் வளையம் கட்டியிருந்தன. தண்ணீர் ஏறும் குழாய்களைப் பூசணம் அடைத்துவிட்டது, மரம் தண்ணீருக்கு நடுவிலேயே தாகத்தில் சாகிறது என்றார். பூசணம் மண்ணில் உறங்குமாம், வாழையே இல்லாமல் பல பத்து வருஷம். செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நோய் கண்டதைத் தோண்டி எரிக்க வேண்டும். குழிக்கு ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்பு. ரஸ்தாளியை விட்டுப் பூவனுக்கு மாற வேண்டும். முடிந்தால் ஓரிரண்டு போகம் நெல் போட்டுத் தண்ணீர் கட்ட வேண்டும், கட்டிய தண்ணீரில் பூசணம் குறையும். எழுந்து வருகிறபோது ஒன்றை வாயால் சொன்னார். "உங்க வயல்லேருந்து யாருக்கும் கன்னு குடுக்காதீங்க. பார்க்க நல்லா இருக்கிற கன்னுலயும் இருக்கும். ஒட்டுன மண்ணுலயும் இருக்கும்."

தாளில் இருந்ததையெல்லாம் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சுண்ணாம்பு வாங்கிப் போட்டார். ரஸ்தாளியை விடுவது பற்றிக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. வாயால் சொன்னதை நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பல வருஷம் பல காரணங்கள் வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்பா கன்றை விற்றதில்லை. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பார். அவர்கள் ஒரு கவுளி வெற்றிலையோ நாலணாவோ திண்ணையில் வைத்துவிட்டு எடுத்துப் போவார்கள். மூன்று ஏக்கர் 40 சென்டாக ஆனபிறகு அந்த மனிதரிடம் கொடுப்பதற்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். கொடுக்கிறபோது அவர் முதுகு நிமிரும். உங்கள் கன்று விஷம் என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இது ஒரு காரணம், கேட்க நன்றாகவும் இருக்கிறது. இன்னொன்று உண்டு. யாரும் கேட்டு வரமாட்டார்கள், வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மாசியில் வந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துப் பூவன் போட்டிருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். திண்ணைக்குக் கீழே நின்றுதான் பேசுவார், ஏறி உட்கார்ந்ததில்லை. ரஸ்தாளிக்கு விலை நன்றாக இருக்கிறது, ஒரு 15 சென்ட் போட்டுப் பார்க்கலாமென்று, 120 கன்று வேண்டும் என்றார். அப்பா உடனே சரி என்றார். அவரே குத்துக் குத்தாகப் போய், இருப்பதிலேயே நல்ல ஈட்டிக் கன்றுகளாகப் பார்த்து எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அவன் தலைச்சுமையா தூக்கிக்கிட்டு வாய்க்காலச் சுத்திப் போவணும். நீ சைக்கிள்ல வச்சுக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றார்.

ஆறு நடை. சாக்குக்கு இருபது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை. வாய்க்கால் மதகு வரை மிதித்துப்போய், மதகின் மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்க வேண்டும். ஒவ்வொரு நடையிலும் மதகில் நின்றேன். மூச்சு வாங்க என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நடையில் அவர் மனைவி மோர் கொடுத்தாள்.

அதே மாதம் வெளிவந்த ஒரு இதழில் என்னுடைய கட்டுரை ஒன்று இருக்கிறது. தமிழ் எழுத்தாளனுக்குத் தன் அனுபவத்துக்கு நேர்மையாக இருக்கிற துணிவில்லை என்பது அதன் சாரம். நேர்மை என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். உங்களில் இரண்டு பேர் அதைப் பாராட்டிக் கார்டு போட்டீர்கள்.

முதல் வருஷம் அவருக்கு நன்றாகவே வந்தது. மூன்றோ நாலோ மஞ்சளித்ததைப் பார்த்தேன். தண்ணீர் பத்தவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். 1998 சித்திரையில் தார் வெட்டிக் காசு பார்த்தபிறகு, பூவனைத் தோண்டிப் போட்டுவிட்டு அரை ஏக்கர் முழுவதற்கும் தன்னுடைய ரஸ்தாளியிலிருந்தே கன்று எடுத்து நட்டார். நடவுக்கும் குத்தகைக்கும் சேர்த்து மனைவியின் தோட்டை அடகு வைத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். முதல் கன்று போன நாளிலிருந்து அதுவரை பதினான்கு மாதம். சுமாராக அறுபது ஞாயிற்றுக்கிழமை. ஒவ்வொன்றிலும் நான் ஊரில் இருந்தேன். சொல்லியிருந்தால் அந்தப் 15 சென்டோடு போயிருக்கும்.

அடுத்த தைக்குள் அரை ஏக்கரும் பாவாடை கட்டிக்கொண்டு நின்றது. அப்பாவிடம் வந்து சொன்னார். "மண்ணுக்கு என்னமோ ஆயிருச்சுங்கய்யா. நல்ல கன்னு குடுத்தீங்க, வச்சுப் பொழைக்கத் தெரியல." அப்பா அவருக்கு ஆறுதல் சொன்னார். சுண்ணாம்பு போடச் சொன்னார். நான் திண்ணையில் ஒரு பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷம் குத்தகை கட்ட முடியாமல் நிலத்தை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு கரூருக்குப் போனார். பஸ் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் வாட்ச்மேன் வேலை என்றார்கள். நிலத்துக்காரர் தென்னை வைத்தார். அப்பா 2004இல் இறந்தார், தன் கன்றுகளைப் பற்றி ஒன்றும் தெரியாமல். பாடை நகர்கிறபோது அந்தத் திண்ணையைப் பார்த்தேன். கன்று வாங்கியவர்கள் நாலணா வைக்கிற இடம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

மரபு என்று பேசுகிறபோது நாம் கொடுக்கிறவரின் கையை மட்டும் பார்க்கிறோம். நிமிர்ந்த முதுகையும் பார்க்கிறோம். வாங்குகிறவன் வயலில் பிறகு என்ன நடந்தது என்று போய்ப் பார்க்கிற வழக்கம் விமரிசகர்களிடம் இல்லை. நான் எழுதிய விமரிசனங்களிலும் இல்லை. இதற்கு மேல் இந்த உவமையை இழுக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

2022இல் ஒரு நாள் கரூர் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். எண்பதை நெருங்கியிருப்பார். நான் அடையாளம் கண்டுகொள்வதற்குள் அவர், "தம்பி, ரஸ்தாளி வீட்டுத் தம்பிதானே" என்றார். டீ குடித்தோம். மகன் கொசுவலைத் தறியில் இருக்கிறானாம், பேரன் ஊருக்கு வெளியே சின்னதாக வீடு கட்டியிருக்கிறானாம். பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடம் கொஞ்சம் இருக்கிறது. "ஐயாவோட ரஸ்தாளியில ஒரு கன்னு கெடைக்குமா? வேற எங்கயும் அந்த ருசி இல்ல தம்பி."

வீட்டுக் கொல்லையில் கிணற்றடியில் ஒரு குத்து இன்னும் நிற்கிறது. வயலில் எல்லாம் போனபிறகும் அது மட்டும் என்னவோ தப்பி நிற்கிறது. இல்லை, போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். வந்தது வேறு. 1996, கட்டையை வெட்டிக் காட்டியது, அவர் வாயால் சொன்னது, நான் மதகில் நின்றது, எல்லாவற்றையும் ஒழுங்கில்லாமல் சொன்னேன். அப்பாவுக்குத் தெரியாது என்பதை இரண்டு தடவை சொன்னேன்.

அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். கொஞ்ச நேரம் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்ப மண்ணு மேல தப்பில்ல" என்றார்.

"இல்லண்ணே."

"நா அந்த மண்ண ரொம்பப் பேசிட்டேன்" என்றார். பிறகு, "நெல்லு போட்டாங்களா அதுல, எனக்கப்புறம்?"

"இல்லண்ணே. தென்னை வச்சுட்டாங்க."

"நெல்லு போட்டுத் தண்ணி கட்டியிருக்கணும்" என்றார். குளித்தலை வண்டி வந்து நின்றது. என் பையை எடுத்துக் கொடுத்தார்.